தலைச்சன்

வளையலை ஆட்டினால் குழந்தை உதைக்கும். வளைகாப்பு முடிந்து இருபது நாட்களாக அப்படித்தான். ரூபினி வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு, மாடி அறையில் இடது பக்கமாகப் படுத்து, வலது கையை வயிற்றுக்கு மேலே தூக்கி மணிக்கட்டை மெல்லத் திருப்புவாள். பத்தொன்பது கண்ணாடி வளையல்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியும். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு தொப்புளுக்கு இடது புறம், தோலுக்கு உள்ளிருந்து, ஓர் உதை.

அன்று மாலையும் உதை வந்தது. வயிற்றில் அல்ல. வலது தோளருகே, காறை எலும்புக்குக் கீழே இருந்த குழியில்.

அவள் கையை இறக்காமல் கிடந்தாள். மழை விட்டிருந்தது. செம்பனை எண்ணெய் ஆலையின் புளித்த வாடை ஜன்னல் வழியாக வந்து அறையில் நின்றது; பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் தாளித்தார்கள்; கீழே குளிர்ப்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது. தசைதான், கண் துடிப்பது போல, என்று நினைத்தாள். மறுபடி வளையலை ஆட்டினாள். ஒரு மூச்சு. அதே குழியில், உள்ளிருந்து யாரோ விரலால் சுண்டியது போல.

வயிறு சும்மா இருந்தது.

ஏழு மணிக்கு விக்கல் வந்தது. அது தினமும் வருவது. அடிவயிற்றில், கடிகார முள் நகர்வது போலச் சின்னச் சின்னதாக, ஐந்து நிமிடம். இந்தக் குழந்தையின் வழக்கம் அது. முன்னால் இருந்தவற்றுக்கு அந்த வழக்கம் இல்லை. அப்படி நினைத்ததும் நினைப்பை நிறுத்திக்கொண்டாள். முன்னால் எதுவும் இல்லை. அப்படித்தான் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது முப்பத்தோரு வாரம். முன்னால் மூன்று. பதினொரு வாரத்தில் ஒன்று, பதினாறில் ஒன்று, இருபத்திரண்டில் ஒன்று. மூன்றாவதைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். கணவன் குணாளன் அதைக் குளுவாங்குக்குக் கொண்டுபோய், தன் அம்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர் பால்மரக் காட்டுக்குள் தனியாக நடந்தான். எந்த மரம் என்று அவள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. நான்காவது உண்டானதும் மாமியார் புஷ்பவள்ளி பஸ் ஏறி கோத்தா திங்கிக்கு வந்தாள். காலைக்கூடக் கழுவவில்லை. கூடத்தில் நின்றபடியே சொன்னாள்.

"இனிமே அந்த மூணும் இல்ல. யாரு கேட்டாலும் இதுதான் தலைச்சன். டாக்டரு கேட்டாலும் சரி, சாமியே கேட்டாலும் சரி. எண்ணாத. எண்ணுனா வந்து வாசல்ல நிக்கும்."

ரூபினி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். சிரித்திருக்கலாம். ஆனால் மூன்று முறை ஊசி போட்டு, மாத்திரை தின்று, கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்து பார்த்தவள். எதுவும் தங்கவில்லை. தீ மிதிக்கச் சொன்னால் மிதித்திருப்பாள். இது வெறும் வாய்வார்த்தை. வளைகாப்பில் நூறு பேருக்கு முன்னால், தலைச்சன் பிள்ளைக்கென்று சொல்லி, மஞ்சள் பூசி, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்றார்கள்.

உள்ளே யார் யாருக்குக் கேட்டது என்று அன்று அவள் யோசிக்கவில்லை.

*

ஸ்கூடாய் பக்கம் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஒன்பது வருடம். பிரசவ வார்டுகளிலிருந்து ஐஸ் பெட்டியில் நஞ்சுக்கொடி வரும். அதைக் கழுவி, நறுக்கி, சின்னக் குப்பிகளில் அடைத்து உறைய வைப்பது அவள் வேலை. வளைகாப்பு வளையலைப் பிரசவம் வரை கழற்றக் கூடாது. ஆய்வுக்கூடத்திலோ அணியக் கூடாது. அவள் வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றி, பேண்டேஜ் துணியால் இறுக்கிச் சுற்றி, மேலங்கிக்குள் மறைத்திருந்தாள். வேலை முடியும் வரை சத்தம் வராது.

தாயின் உடம்புக்குப் பிள்ளை பாதி அந்நியம். வேறெந்த அந்நியம் உள்ளே வந்தாலும் உடம்பு விரட்டிக் கொல்லும். பிள்ளையை மட்டும் பொறுத்துக்கொள்கிறது. அந்தப் பொறுமை எப்படி வருகிறது, கிருமியோ காய்ச்சலோ வந்தால் எப்போது உடைகிறது என்பதைத்தான் டாக்டர் வைஷ்ணவி பன்னிரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். புதன்கிழமை அவர் ரூபினியை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"உக்காருங்க. கால் வீங்கியிருக்கே, இந்தப் பெட்டி மேல தூக்கி வச்சுக்குங்க. ஒண்ணு கேட்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க டாக்டர்."

"போன வருஷம் ஸ்டாஃப் கிட்ட ரத்தம் எடுத்தோம்ல, கர்ப்பமே ஆகாதவங்க ரத்தம் வேணும்னு. நீங்களும் குடுத்தீங்க."

"ஆமா."

"அதுல உங்களோடது இல்லாத செல்லு இருக்கு."

ரூபினிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையின் அணுக்கள் தாயின் ரத்தத்துக்குள் கசிந்து போகும். ஈரலில், எலும்பில், இதயத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பிறந்தாலும் போகாது. பிறக்காவிட்டாலும் போகாது. ஆயிரம் பெண்களின் ரத்தத்தில் அவற்றை எண்ணி எழுதியது அவள்தான்.

"எங்கயாச்சும் கலந்திருக்கும் டாக்டர்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணு தடவ ஓட்டிப் பாத்தாச்சு. மூணு பேரு. பொம்பள ரெண்டு, ஆம்பள ஒண்ணு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மூணும் பாதி நீங்கதான் ரூபினி."

அவள் காலைப் பெட்டியிலிருந்து இறக்கினாள்.

"ஃபாரம்ல எத்தன கர்ப்பம்னு கேட்ட எடத்துல சைபர் போட்டிருக்கீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. யாரு கிட்டயும் போகாது. உண்மை தெரிஞ்சா உங்க ரத்தத்த வேற வரிசையில மாத்திக்குவேன், அவ்வளவுதான். முன்ன எப்பவாச்சும்?"

அந்த சைபர், அவள் போன வருடமே போட்டது. அப்போது மாமியாரின் கட்டளை இல்லை. வெட்கம் இருந்தது; மூன்றையும் ஆய்வுக்கூடத்தில் வேறு காரணம் சொல்லி லீவு போட்டு மறைத்திருந்தாள். கூட வேலை செய்பவர்கள் பார்க்கும் பார்வையை நினைத்தாள், பேனா தானாகப் போட்டது. இப்போது திருத்தலாம். ஒரு வார்த்தைதான். காறை எலும்புக் குழி, மேலங்கிக்கு அடியில், ஒருமுறை சுண்டியது. கேட்டுக்கொண்டிருப்பது போல.

"இல்ல டாக்டர். இது தலைச்சன்."

டாக்டர் ஃபைலை மூடினார்.

கதவருகே போன ரூபினி திரும்பினாள். "அந்த மாதிரி செல்லு எத்தன வருஷம் இருக்கும் டாக்டர்?"

"நீங்களே படிச்சிருக்கீங்களே. சாகுற வரைக்கும் இருக்கும். சும்மா தூங்கும், உடம்போட எதிர்ப்புச் சக்தி காவல் நின்னு அடக்கி வச்சிருக்கும். காய்ச்சல் வந்தா காவலுக்கு வேற வேலை வந்துடுதுல்ல, அப்ப இதுங்க நடமாட்டம் கூடும். நம்ம டேட்டா அப்படித்தானே சொல்லுது." அவர் சிரித்தார். "ஏன், மூஞ்சி வெளுத்துப் போச்சு? வீட்டுக்குப் போங்க. மழை வருது."

கார் நிறுத்துமிடத்துக்குப் போவதற்குள் நனைந்துவிட்டாள். வீடு வந்து சேரும்போது உடம்பு சுட்டது.

*

குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் சின்னக் கருவி ஒன்று அவளிடம் இருந்தது. ஆன்லைனில் வாங்கியது. களிம்பு தடவி, குமிழை வயிற்றில் வைத்து நகர்த்தினால் ஒலிபெருக்கியில் சத்தமும் சிறு திரையில் எண்ணும் வரும். தினமும் கேட்டாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டாள். எண் நூற்று நாற்பதை ஒட்டியே இருக்கும்.

அன்று வயிற்றில் நூற்று முப்பத்தெட்டு. நல்ல எண். அவள் குமிழைத் துடைத்து வைத்திருக்க வேண்டும். வைக்காமல் மேலே கொண்டுபோனாள். நெஞ்சின் மேல் தன் இதயம் மெதுவாக, கனமாக அடித்தது. அதைத் தாண்டி, தோளை நோக்கி, காறை எலும்பின் குழிக்குள் குமிழை அழுத்தினாள். முதலில் இரைச்சல். பிறகு இரைச்சலுக்குப் பின்னால், வெகு தூரத்தில் யாரோ ஈரத் துணியைக் கல்லில் வேகவேகமாக அடிப்பது போல ஒரு சத்தம். அது நெருங்கியது. அறையை நிறைத்தது.

நூற்று எழுபத்திரண்டு.

அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். அலமாரியின் அடித்தட்டில், கல்யாணப் புடவைக்கு அடியில், ஒரு கவர் இருந்தது. எரிக்கச் சொல்லியிருந்தார்கள். எரிக்கவில்லை. முதல் ஸ்கேன் தாளில் மை மங்கிப் போயிருந்தது. ஓரத்தில் இருந்த எண் மட்டும் மிச்சம். ஒன்பது வாரம். நூற்று எழுபத்திரண்டு.

இரண்டாவது தாளில் நூற்று ஐம்பத்தாறு. அவள் குமிழை வலது விலாவுக்குக் கீழே வைத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. நூற்று ஐம்பத்தாறு.

மூன்றாவது தாளைப் பிரிக்கவில்லை. முதுகில், இடுப்புக்கு நடுவில், இரண்டு நாளாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. அங்கே கை எட்டாது.

குணாளன் ஒன்பது மணிக்கு வந்தான். சிங்கப்பூர் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் வருபவன். நனைந்த மழைச்சட்டையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் குமிழைக் காறை எலும்பில் வைத்துக் காட்டினாள்.

"உன் ஹார்ட்டுதான் லா ரூபி."

"நம்பரப் பாருங்க."

அவன் திரையைப் பார்க்கவில்லை. கருவியை வாங்கி, பின்மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அலமாக், நாள் பூரா இதையே காதுல மாட்டிக்கிட்டு இருந்தா பைத்தியம்தான் பிடிக்கும். உடம்பு நெருப்பா கொதிக்குது பாரு. நாளைக்குக் கிளினிக் போயிடு. நான் லீவு எடுக்க முடியாது. போன மாசமே ரெண்டு எடுத்துட்டேன்."

பேசும்போது அவன் ஒருமுறைகூட அந்தக் குழியைப் பார்க்கவில்லை. அவனுக்கும் கேட்டிருந்தது.

*

வியாழக்கிழமை கிளினிக்கில் தாதி, மிஸ்ஸி யோகேஸ்வரி, அவள் வயிற்றில் பட்டை கட்டி இருபது நிமிடம் துடிப்பைப் பார்த்தாள். நூற்றுப் பத்தொன்பது. கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் கணக்குக்குள் இருக்கிறது என்றாள்.

"காலையிலேருந்து நாலே உதைதான் மிஸ்ஸி. எப்பவும் இந்நேரத்துக்குப் பத்து தாண்டிடும்."

"பிள்ளையும் தூங்க வேணாமாக்கா? மொதப் பிள்ளையா?" மிஸ்ஸி கர்ப்பப் பதிவுகள் எழுதும் பிங்க் புத்தகத்தைப் புரட்டினாள். "ஆமா, மொதல்னுதான் போட்டிருக்கு. மொதப் பிள்ளைக்காரங்க இப்படித்தான். தும்முனாலும் ஓடி வருவாங்க. மூணு பெத்தவங்க பாருங்க, வலி வந்தாக்கூட சந்தைக்குப் போயிட்டுத்தான் வருவாங்க."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ரூபினியும் சிரித்தாள்.

"மொதப் பிள்ளைதானக்கா? முன்ன ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மிஸ்ஸி."

மூன்று இடத்திலும் சுண்டியது. ஒரே நேரத்தில்.

காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, அசைவு நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். மாலையில் அவள் குளுவாங்குக்குப் போன் போட்டாள்.

"அத்தை, அந்த மூணையும் சொல்லிடட்டுமா?"

எதிர்ப்பக்கம் டிவி சத்தம் நின்றது. "என்னடி சொல்ற?"

"அதுங்க போகல அத்தை. இங்கதான் இருக்கு. நான் இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல, பாப்பா கொறஞ்சுக்கிட்டே வருது."

"வாய மூடு. விளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சு பேசுற. காய்ச்சல்ல ஒளர்ற. படிச்சவதானே நீ?"

"நீங்கதானே அத்தை எண்ணாதேன்னு சொன்னீங்க."

"ஆமா சொன்னேன். இப்பவும் சொல்றேன். எண்ணாத." புஷ்பவள்ளியின் குரல் தாழ்ந்தது. "நானும் ரெண்ட எண்ணல. குணா பொறந்தான்ல? பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

மாமியார் போனை வைத்துவிட்டாள். ஏழு மணிக்கு விக்கல் வந்தது. ஐந்து நிமிடம் இல்லை. நான்கு முறை வந்து நின்றது.

*

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே குணாளன் போய்விட்டான். பேட்டரியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். எட்டு மணிக்கு ஆற்றோரம் வெள்ள எச்சரிக்கைச் சைரன் ஊதியது. பத்து மணிக்குக் கூடத்தில் தண்ணீர். ரூபினி பிங்க் புத்தகத்தையும் போனையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். மதியத்துக்குள் ஐந்து படி மூழ்கிவிட்டது. மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். மழை விழுந்துகொண்டே இருந்ததில் பகல் பகலாக இல்லை. நாலு மணிக்கே அறையின் மூலைகள் கறுத்துவிட்டன. சேற்று வாடையும் யார் வீட்டுக் கழிவறை வாடையும் படியேறி வந்தன. கீழே குளிர்ப்பெட்டி மிதந்து மாடிப்படிச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. டொக். நின்று, டொக். அவள் அதையும் எண்ணிக்கொண்டிருந்தாள். வேறு எண்ண ஒன்றும் இல்லை. காலையிலிருந்து ஓர் உதைகூட வரவில்லை.

போன் அடித்தது. சார்ஜ் ஒன்பது சதவீதம்.

"ரூபி, ரோடு மூடிட்டாங்க. உலு திராம்ல நிக்கிறேன், இதுக்கு மேல போக விடல. பொம்பாவுக்குச் சொல்லியாச்சு, போட் வருது. நீ மேலயே இரு. பாப்பா எப்படி இருக்கு?"

"அசையல."

மழைச் சத்தம். அவன் பக்கமும் மழைதான்.

"எந்த மரம்?" என்றாள்.

"என்ன?"

"நீங்க கொண்டுபோனது. எந்த மரம்?"

"ரோட்டுலேருந்து மூணாவது வரிசை. ரெண்டு மரத்துக்கு நடுவுல. எதுக்கு ரூபி இப்ப?"

அவள் போனை வைத்தாள். பேட்டரியைக் கருவியில் போட்டாள். வயிற்றில் குமிழை வைத்து இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, நெல் பரப்பியது போல ஒரு விரல் இடமும் விடாமல் தேடினாள். இரைச்சல். தன் இதயம். இரைச்சல். கடைசியில் அடிவயிற்றின் ஓரத்தில், ஒரு கோழிக்குஞ்சு மூச்சு விடுவது போல.

எண்பத்து நான்கு.

எழுபத்தொன்பது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வளையலை ஆட்டினாள். வயிறு கல். காறை எலும்பு சுண்டியது. விலா சுண்டியது. முதுகு தட்டியது. மறுபடி ஆட்டினாள். மறுபடி மூன்றும். வேகமாக ஆட்டினாள். ஒரு வளையல் உடைந்து கட்டிலில் விழுந்தது. மூன்றும் நிற்கவில்லை. ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போல, தோலுக்கு அடியில், இங்கே, அங்கே, இங்கே.

"நிறுத்துங்க," என்றாள்.

நின்றது.

கீழே குளிர்ப்பெட்டியும் நின்றது. வீட்டில் தண்ணீர் சலசலப்பு மட்டும். அவள் இருட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள். யாரிடமும் பேசாத வார்த்தைகள்.

"நான் பொய் சொன்னேன். மூணு தடவ சொன்னேன். நீங்க இருந்தீங்க. எனக்குத் தெரியும். மொதல்ல நீ. பதினொரு வாரம். குளுவாங் ஸ்டேஷன்ல ரயிலுக்குக் காத்திருக்கும்போது போயிட்ட. நான் கழுவிட்டு வந்து ரயில் ஏறினேன். அன்னைக்கு யாரு கிட்டயும் சொல்லல. அடுத்தது நீ. உனக்கு நான் ஒரு சொக்காய் வாங்கி வச்சேன், அத யாருக்கோ குடுத்துட்டேன். அப்புறம் நீ. உன் முகத்த நான் பாக்கல. காட்டுனாங்க, கண்ண மூடிக்கிட்டேன். மூணாவது வரிசையில இருக்கியாம்."

ஒன்று. இரண்டு. மூன்று. அவள் விரலை மடக்கினாள். "இது நாலாவது. இது ஒண்ணும் பண்ணல. இத விட்டுடுங்க."

குமிழை வைத்தாள். அறுபத்தாறு.

"என்ன வேணும்? என்ன வேணும் உங்களுக்கு?" கத்தினாள். "நீதான் மூத்தது. நீ சொல்லு. உன் எடத்த நான் எடுத்து வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். தப்புதான். நீதான் தலைச்சன். இனிமே எங்க கேட்டாலும் சொல்றேன். உன் எடம் உனக்குத்தான். உனக்கே. என் தங்கம், போதும்."

மழை அடித்தது. அவள் நெற்றியைச் சுவரில் வைத்தாள்.

முதலில் முதுகில் தட்டல் அடங்கியது. பிறகு விலா. அவள் மூச்சுவிடாமல் காத்திருந்தாள். காறை எலும்பின் குழி ஒருமுறை, மிக மெல்ல, சுண்டியது. பிறகு அங்கே ஒன்றும் இல்லை. வெறும் தோல். வெறும் எலும்பு. தொட்டுப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

வயிற்றில் உதை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொன்று. இன்னொன்று. இடது, வலது, விலாவுக்கு அடியில், மூத்திரப்பையின் மேல். இத்தனை பலமாக ஒருநாளும் உதைத்ததில்லை. சிரித்தாள். அழுதாள். "சாமி, சாமி," என்று வயிற்றைத் தடவினாள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. களிம்பு காய்ந்திருந்தது, எச்சிலைத் தொட்டுத் தடவிக் குமிழை வைத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. சத்தம் அறையை நிறைத்தது. கல்லில் ஈரத் துணி.

அவள் திரையைப் பார்த்தாள்.

நூற்று எழுபத்திரண்டு.

*

ஆறரை மணிக்குப் படகு வந்தது. அதற்குள் தண்ணீர் மாடிப்படியில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. தீயணைப்பு மீட்புப் படையான பொம்பாவின் ஆள் ஒருவரும் மலாய்க்கார மிஸ்ஸி ஒருத்தியும். ஜன்னல் வழியாக அவளைத் தூக்கி இறக்கினார்கள். வீட்டுக் கூரைகளுக்கு நடுவில் படகு மெல்லப் போனது. பழுப்புத் தண்ணீரில் மெத்தை ஒன்றும் செருப்புகளும் வாழைமரமும் மிதந்தன. மழை தூறலாகியிருந்தது. மிஸ்ஸி தார்பாயைப் பிடித்துக்கொண்டு, தன் கருவியை ரூபினியின் வயிற்றில் வைத்துக் கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது.

"குவாட்," என்றாள்.

"பலமா இருக்காம்," என்றார் பொம்பா ஆள். லெட்சுமணன் என்று சட்டையில் எழுதியிருந்தது. "கொஞ்சம் வேகமாம், காய்ச்சல் இருந்தா அப்படித்தானாம். பயப்படாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பத்துத் தடவ போன் அடிச்சுட்டாரு. மனுஷன் அழுதுட்டாரு."

வயிற்றில் அது நன்றாக நீட்டிப் படுத்தது. இடம் பார்த்து, தோள் வைத்து, வசதி பண்ணிக்கொள்வது போல.

மிஸ்ஸி ஏதோ கேட்டாள்.

"எத்தனாவது பிள்ளைன்னு கேக்குறாங்கம்மா. எழுதணுமாம்."

படகு ஒரு கூரையைச் சுற்றித் திரும்பியது. ரூபினி வாயைத் திறந்தாள். அப்போது ஏழு மணி இருக்கும்.

வலது காறை எலும்பின் குழியில் ஏதோ அசைந்தது. உதை இல்லை. சுண்டல் இல்லை. கடிகார முள் நகர்வது போலச் சின்னதாக. நின்று, மறுபடி.

விக்கல். அந்த மூன்றுக்கும் இல்லாத வழக்கம்.

"அம்மா? எத்தனாவது?"

அவள் கையைத் தூக்கினாள். மீதி பதினெட்டு வளையலும் சரிந்தன. சத்தத்துக்கு வயிற்றில் பலமாக ஓர் உதை விழுந்தது. மிஸ்ஸி பார்த்துச் சிரித்தாள். ரூபினி உள்ளங்கையைக் குவித்து அந்தக் குழியை மூடிக்கொண்டாள், உள்ளே மழை இறங்கிவிடாதபடி. ஒரு விரல்நுனி அகலம்கூட இல்லாத இடம். கைக்கு அடியில், எலும்புக்கு அடியில், அது விக்கிக்கொண்டே இருந்தது.